முதுமையடைந்த எக்ஸ் கதிர்க் கேமராவின் ஆற்றல் அளவைச் சரிபார்ப்பது எப்படி? சந்திராவின் ஏசிஸை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்ணோடத்தில் ஏறிப்போன சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கி, ஐந்து ஆண்டுகள் உழைத்தால் போதும் என்ற கணக்கில் கட்டப்பட்டது. சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய அந்தத் தொலைநோக்கி கால் நூற்றாண்டைத் தாண்டியும் தரவு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதன் முக்கியமான கேமரா ஏசிஸ். பத்து சிசிடி சில்லுகள், ஒவ்வொன்றிலும் 1024-க்கு 1024 பிக்சல்கள். ஒரு எக்ஸ் கதிர் ஃபோட்டான் வந்து விழுந்தால் அது எங்கே விழுந்தது, எப்போது விழுந்தது, எவ்வளவு ஆற்றலோடு விழுந்தது என்ற மூன்றையும் ஏசிஸ் சொல்லும். முதல் இரண்டில் வயது பெரிதாகக் கை வைக்கவில்லை. மூன்றாவதுதான் தொல்லை.

சந்திராவின் காப்பகத்திலிருந்து தரவை இறக்கி நிறமாலை பொருத்திப் பார்க்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். சந்திரா தரவை ஆராயும் சியாவோ மென்பொருள் எல்லாத் திருத்தங்களையும் தானே செய்துவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தத் திருத்தத்திலும் மிச்சப்பிழை உண்டு. ஆற்றலில் 0.3 சதவீதம் தவறினால், டாப்ளர் கணக்கில் அது வினாடிக்கு 900 கிலோமீட்டர். வாயு நகர்கிறது என்று நாம் எழுதப்போகும் வேகம் பல சமயம் அதைவிடக் குறைவாகவே இருக்கும். அதனால் மென்பொருள் தந்ததை அப்படியே வாங்கிக்கொள்ளாமல் நாமே ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

முதுமையில் பல கோளாறுகள் ஒரே நேரத்தில் வரும். ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் திருத்த வேண்டும். ஒரே திருகைத் திருப்பி மொத்தத்தையும் சரிக்கட்டினால் வரைபடம் அழகாக வரும், விடை தப்பாக வரும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியவை.

முதலில்: எது எதைக் கெடுக்கிறது?

சிலிக்கானில் ஒரு எலக்ட்ரானை விடுவிக்கச் சராசரியாக 3.65 எலக்ட்ரான் வோல்ட் செலவாகிறது. 5.9 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (இனி கேஇவி) ஆற்றலுள்ள ஃபோட்டான் சுமார் 1,616 எலக்ட்ரான்களை உண்டாக்கும். அவை பிக்சல் பிக்சலாக நகர்த்தப்பட்டு, சில்லின் ஓரத்திலுள்ள வாசிப்பு முனைக்கு வந்து, பெருக்கியில் எண்ணாக மாறுகின்றன. இந்தப் பாதையில் எந்த இடத்தில் என்ன நேர்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் கோளாறு மின்னூட்டத்தை நகர்த்தும்போது நேரும் இழப்பு (charge transfer inefficiency), சுருக்கமாக சிடிஐ. ஏவப்பட்ட சில வாரங்களிலேயே, 1999 ஆகஸ்ட்–செப்டம்பரில், கதிர்வீச்சுப் பட்டைகளைக் கடந்தபோது ஏசிஸ் குவியத்திலேயே விடப்பட்டிருந்தது. குறைந்த ஆற்றலுள்ள புரோட்டான்கள் கண்ணாடிகளில் பட்டுச் சிதறி நேராகச் சில்லுகளுக்கு வந்துவிட்டன. முன்பக்கம் ஒளி வாங்கும் எட்டுச் சில்லுகளில், எலக்ட்ரான்கள் நகரும் தடத்திலேயே அவற்றைப் பிடித்துவைக்கும் பொறிகள் உண்டாயின. பின்பக்கம் ஒளி வாங்கும் எஸ்1, எஸ்3 இரண்டும் தப்பின; அவற்றில் அந்தத் தடத்துக்கு முன்னால் சிலிக்கானின் முழுத் தடிமனும் காவலாக நின்றது. அதன்பிறகு பட்டைகளைக் கடக்கும்போதெல்லாம் ஏசிஸைக் குவியத்திலிருந்து விலக்கி வைக்கிறார்கள்.

கிணற்றடியிலிருந்து வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றும்போது ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் சிந்தினால் எப்படியோ, அப்படித்தான் சிடிஐ. ஒரு நகர்வுக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு இழப்பு என்று வைத்துக்கொள்வோம். 1,024 நகர்வுகள் முடியும்போது 10 சதவீதம் போய்விடும். 1,616 எலக்ட்ரான்களில் ஏறக்குறைய 1,459 மிஞ்சும்; திருத்தாவிட்டால் 5.9 கேஇவி ஃபோட்டான் 5.33 ஆகத் தெரியும். வாசிப்பு முனைக்குப் பக்கத்தில் விழுந்த அதே ஃபோட்டானோ 5.9 ஆகவே தெரியும். இன்னொன்றும் உண்டு: ஏசிஸ்-ஐ (ACIS-I) எனப்படும் சில்லு அமைப்பில் இலக்கு விழும் இடம், ஐ3 சில்லில் வாசிப்பு முனையிலிருந்து மிகத் தொலைவான பகுதி. இழப்பு அதிகமாக உள்ள இடத்தில்தான் நம் இலக்கு உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது, வெப்பநிலை. 2000 ஜனவரி கடைசியிலிருந்து ஏசிஸ் மைனஸ் 120 டிகிரி செல்சியஸை ஒட்டி இயங்குகிறது. ஆனால் விண்கலத்தின் வெப்பக் காப்புப் போர்வை வருடக்கணக்கில் வெயில் பட்டு நலிந்துவிட்டது. சூரியனுக்கு எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்துச் சில நேரங்களில் குவியத்தளம் சூடாகிறது. பொறிகள் எலக்ட்ரானைப் பிடித்து வைத்திருக்கும் நேரம் வெப்பநிலையைப் பொறுத்தது. எனவே சிடிஐ-யும் கூடவே மாறும்.

மூன்றாவதை எளிதில் மறந்துவிடுவார்கள். காஸ்மிக் கதிர்கள் சில்லில் கொட்டும் மின்னூட்டம் பொறிகளை முன்கூட்டியே நிரப்பிவிடுகிறது, அதனால் நம் எலக்ட்ரான்கள் தப்பிக்கின்றன. சூரியச் செயல்பாடு உச்சத்தில் இருக்கும்போது காஸ்மிக் கதிர்கள் குறையும், பொறிகள் காலியாகக் கிடக்கும், இழப்பு கூடும். ஆகவே சிடிஐ நேர்கோட்டில் மோசமாவதில்லை. சூரியச் சுழற்சியோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது.

நான்காவது, கேமராவுக்கு முன்னால் இருக்கும் ஒளித்தடுப்பு வடிகட்டியில் படிந்துள்ள அழுக்கு. கார்பன், ஆக்சிஜன், ஃபுளோரின் கலந்த படலம். 1 கேஇவி-க்குக் கீழே ஃபோட்டான்களை விழுங்கிவிடும். இது ஆற்றலை நகர்த்தாது, எண்ணிக்கையைத்தான் குறைக்கும். கருவியைச் சூடாக்கி இதை விரட்டலாமே என்ற யோசனை ஆராயப்பட்டு, ஆபத்து அதிகம் என்று கைவிடப்பட்டது. 1999-ல் சில்லுகளைச் சூடாக்கியபோது சிடிஐ குறைவதற்குப் பதிலாகக் கூடிப்போன அனுபவம் ஏற்கெனவே இருந்தது.

படி 1: தரவைத் தேர்ந்தெடுப்பது

அளவுத்திருத்தத்துக்காக எடுக்கப்பட்ட தரவுக்கு உரிமைக் காலம் கிடையாது. எடுத்தவுடன் எல்லோருக்கும் திறந்துவிடப்படுகிறது. மூன்று வகை தேவை: கருவியோடு வைத்திருக்கும் கதிரியக்க மூலத்தைப் பார்த்த தரவு, காசியோபியா ஏ என்ற சூப்பர்நோவா எச்சம், சிறிய மெகல்லன் மேகத்தில் உள்ள இ0102 என்ற எச்சம். உங்கள் அறிவியல் இலக்கு எந்தச் சில்லில், எந்த வரிசையில், எந்த ஆண்டில் விழுந்ததோ, அதற்குப் பக்கத்தில் உள்ளவற்றை எடுங்கள். 2004-ஆம் ஆண்டுத் தரவை வைத்து 2023-ஐ நியாயப்படுத்த முடியாது.

முதல் நிலை நிகழ்வுக் கோப்பிலிருந்து (விழுந்த ஒவ்வொரு ஃபோட்டானின் பதிவும் இருக்கும் கோப்பு) தொடங்குங்கள். தலைப்பில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று குவியத்தள வெப்பநிலை. கெல்வினில் இருக்கும், 153.5-ஐ ஒட்டி இருந்தால் இயல்பு. அதிலிருந்து சில டிகிரி விலகினால் அந்தத் தரவைத் தனிக் குவியலில் போடுங்கள். மற்றொன்று பதிவு முறை. ஃபெயின்ட், வெரி ஃபெயின்ட் முறைகளில் பக்கத்துப் பிக்சல்களின் மதிப்புகளும் வரும். கிரேடட் முறையில் அவை வராது, அதனால் சிடிஐ திருத்தம் செய்யவே முடியாது. கிரேடட் தரவை இந்த வேலையில் சேர்க்காதீர்கள்.

படி 2: திருத்தத்தைப் போட்டும் எடுத்தும் பார்ப்பது

ஏசிஸ் நிகழ்வுகளைச் செயலாக்கும் நிரலில் இரண்டு சுவிட்சுகள் உண்டு: ஒன்று சிடிஐ திருத்தம், மற்றொன்று காலத்தோடு நகரும் கெயினுக்கான (மின்னூட்ட எண்ணை ஆற்றலாக மாற்றும் விகிதம்) திருத்தம், அதாவது டிகெயின். ஒரே கோப்பை மூன்று முறை ஓட்டுங்கள். முதலில் இரண்டையும் அணைத்து, பிறகு சிடிஐ மட்டும் போட்டு, அப்புறம் இரண்டையும் போட்டு. மூன்றிலும் ஒரே நிறமாலைக் கோட்டின் (ஒரு தனிமத்துக்கே உரிய ஆற்றலில் எழும் உச்சி) இடத்தை அளந்தால், எந்தத் திருத்தம் எவ்வளவு நகர்த்துகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். நான் ஒருபோதும் தாண்டமாட்டேன். மிச்சப்பிழையின் தோற்றுவாய் எது என்று பிறகு கேள்வி எழும்போது பதில் இங்கேதான் கிடைக்கும்.

ஒரு சில்லுக்கு நான்கு வாசிப்பு முனைகள். ஒவ்வொன்றும் 256 பத்திகளைப் பார்க்கிறது. ஒவ்வொரு முனைக்கும் தனிப் பெருக்கி என்பதால் நான்கையும் சேர்த்துக் குழப்பக் கூடாது. வரிசைகளை எட்டுப் பட்டைகளாகப் பிரியுங்கள். இரண்டும் அணைத்த நிலையில், கோட்டின் இடம் வரிசை எண்ணோடு சரிந்துகொண்டே போகும். சிடிஐ போட்டதும் சரிவு மறைந்து கிடைக்கோடாக வேண்டும். சற்றே மேலோ கீழோ ஒரே அளவில் தள்ளி நின்றால் அதை டிகெயின் பார்த்துக்கொள்ளும். சரிவு மிச்சமிருந்தால் சிக்கல் சிடிஐ-யில் இருக்கிறது. முதலில் வெப்பநிலையைத்தான் சந்தேகப்பட வேண்டும். பின்பக்கச் சில்லுகளில் தயாரிப்பிலேயே வந்த சிடிஐ பக்கவாட்டிலும் உண்டு. எஸ்3-ல் வரிசையைப் போலப் பத்திவாரியாகவும் பாருங்கள்.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். இழந்த எலக்ட்ரான்களின் சராசரியைத் திருத்தம் திருப்பித் தரும். ஒவ்வொரு ஃபோட்டானும் எத்தனையை இழந்தது என்ற தற்செயலைத் திருப்பித் தராது. கோடு சரியான இடத்துக்கு வந்தாலும் அகலமாகவே இருக்கும். அந்த அகலம் ஆர்எம்எஃப் கோப்பில் (ஒவ்வொரு ஆற்றலையும் கருவி எப்படிப் பரப்பிக் காட்டும் என்ற அட்டவணை) வர வேண்டும், உங்கள் மாடலில் அல்ல.

படி 3: கோட்டின் இடத்தை அளப்பது

கருவியோடு இருக்கும் மூலம் இரும்பு-55. அது சிதைந்து மாங்கனீசாகி, 5.895 கேஇவி-யில் மாங்கனீசு கே-ஆல்பா கோட்டைத் தருகிறது. கூடவே அலுமினியம் 1.487-லும், டைட்டேனியம் 4.51-லும் ஒளிரும். இந்த மூன்றும்தான் ஏசிஸின் ஆற்றல் அளவுக்கு முதுகெலும்பு. ஒவ்வொரு சுற்றிலும் கதிர்வீச்சுப் பட்டைக்கு முன்னும் பின்னும், கேமரா ஒதுங்கி நிற்கும் நேரத்தில் இந்த மூலத்தைப் பார்க்கும்.

ஆர்எம்எஃப் வழியாக அகலமில்லாத ஒரு கோட்டைச் செலுத்தி, அதன் இடத்தை மட்டும் தளர்த்திப் பொருத்துங்கள். வெறும் காஸியன் வளைவைத் தரவில் நேரடியாகப் போட்டால், குறைந்த ஆற்றல் பக்கம் நீளும் வால் அதை இழுத்துவிடும். ஃபோட்டான் எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது சொல்லப்படும் பழைய பாடம் இங்கேயும் பொருந்தும்: சேனல்களைக் குழுவாக்கி கை-ஸ்கொயர் போடாதீர்கள், குறைந்த எண்ணிக்கைக்கு ஏற்ற கேஷ் புள்ளியியலைப் பயன்படுத்துங்கள்.

எத்தனை ஃபோட்டான் போதும்? கோட்டின் சிக்மா அகலத்தை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் இடத்தின் பிழை கிடைக்கும். 5.9 கேஇவி-யில் பாதி உயர அகலம் 150 எலக்ட்ரான் வோல்ட் என்றால் சிக்மா 64. அங்கே 0.1 சதவீதம் என்பது 5.9 எலக்ட்ரான் வோல்ட். அதற்குச் சுமார் 120 ஃபோட்டான்கள் போதும். அலுமினியத்தில் பாதி உயர அகலம் 100 என்று வைத்தால் சிக்மா 42; 0.1 சதவீதம் 1.5 எலக்ட்ரான் வோல்ட்தான், ஏறக்குறைய 800 ஃபோட்டான்கள் வேண்டும். ஒரு பட்டைக்கு, ஒரு முனைக்கு! ஒரு சில்லில் 32 கட்டங்கள், எனவே அலுமினியத்துக்கு மட்டும் 25,000-க்கும் மேல். திட்டமிடும்போது அலுமினியத்தை வைத்தே திட்டமிடுங்கள்.

படி 4: மூலம் மங்கிய பிறகு

இரும்பு-55-இன் அரை ஆயுள் 2.7 ஆண்டு. 2025 வாக்கில் அது ஒன்பது அரை ஆயுளைத் தாண்டிவிட்டது. ஏவியபோது இருந்ததைவிட 600 மடங்குக்கும் மேல் மங்கல். கோட்டின் ஆற்றல் மாறவில்லை, ஃபோட்டான்தான் வருவதில்லை. முன்பு மூன்று மாதத் தரவைச் சேர்த்து ஒரு டிகெயின் அட்டவணை போட்டது போல இப்போது முடியாது. ஆகவே வானத்தையே நம்ப வேண்டியிருக்கிறது.

காசியோபியா ஏ பிரகாசமானது. சிலிக்கான் 1.86-ஐ ஒட்டியும், கந்தகம் 2.45-ஐ ஒட்டியும், ஆர்கான் 3.1, கால்சியம் 3.9, இரும்பு 6.6–6.7 பகுதியிலும் வலுவான கோடுகள் உண்டு. ஆனால் அது ஆய்வகத்து மூலம் அல்ல. வெடித்துச் சிதறிய பொருள் வினாடிக்கு 5,000 கிலோமீட்டர் அளவில் பறக்கிறது. நம்மை நோக்கி வரும் பகுதியில் சிலிக்கான் கோடு 30 எலக்ட்ரான் வோல்ட் வரை மேலே போகும், விலகும் பகுதியில் கீழே இறங்கும். இந்த எச்சத்தின் தென்கிழக்குப் பகுதி பெரும்பாலும் நெருங்கி வருகிறது, வடமேற்கு விலகுகிறது. முழு எச்சத்தையும் ஒரே நிறமாலையாக எடுத்து, கோட்டுக்குப் புத்தகத்தில் உள்ள ஆற்றலோடு ஒப்பிட்டால் அளந்தது கருவியையா, வெடிப்பையா என்றே சொல்ல முடியாது.

இதற்கு வழி ஒப்பீட்டு அளவீடு. கதிரியக்க மூலம் பிரகாசமாக இருந்த காலத்தில் எடுத்த காசியோபியா ஏ தரவை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஆற்றல் அளவு மாங்கனீசு, டைட்டேனியம், அலுமினியத்தால் கட்டப்பட்டது. எச்சத்தின் சிறு சிறு துண்டுகளை வரையறுத்து, ஒவ்வொரு துண்டிலும் அன்று கோடு எங்கே இருந்தது என்று குறித்துவையுங்கள். புதிய தரவில் அதே துண்டை அளந்து வித்தியாசத்தைப் பாருங்கள். துண்டுகள் சும்மா இருக்கமாட்டா என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 3,400 பார்செக் தொலைவில் 5,000 கிலோமீட்டர் வேகம் என்றால் ஆண்டுக்கு 0.3 விகலை (ஒரு விகலை என்பது டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு); இருபது ஆண்டில் 6 விகலை. சந்திராவின் கூர்மைக்கு அது பெரிய தூரம். வானில் உள்ள வட்டங்களை எச்சத்தின் விரிவோடு சேர்த்து வெளியே நகர்த்துங்கள்.

இரும்புக் கோட்டை மட்டும் கடைசி வரை நம்பாதீர்கள். அதன் மையம் வாயு எவ்வளவு அயனியாகியிருக்கிறது என்பதைப் பொறுத்தும் நகரும். அது கருவியின் நகர்வு போலவே தோன்றும். சிலிக்கானும் கந்தகமும் ஒரு கதை சொல்லி இரும்பு வேறு கதை சொன்னால், நான் முதல் இரண்டின் பக்கம் நிற்பேன்.

படி 5: கீழ்முனை, அழுக்கின் பகுதி

1 கேஇவி-க்குக் கீழே இ0102 இருக்கிறது. அதில் இரும்பு மிகக் குறைவு என்பதால் ஆக்சிஜனும் நியானும் தனித்தனியாக நிற்கும்: ஆக்சிஜன் 0.57-லும் 0.654-லும், நியான் 0.92-லும் 1.022-லும். பல நாட்டு எக்ஸ் கதிர்க் குழுக்கள் சேர்ந்து இயங்கும் ஐஏசெக் கூட்டமைப்பு இதற்கென ஒரு பொது மாடலைத் தயாரித்திருக்கிறது. அதில் கோடுகளின் இடங்கள் நிலையாக இருக்கும். நான்கு கோடுகளின் அளவையும் மொத்தப் பெருக்கத்தையும் மட்டும் தளர்த்துவார்கள்.

இங்கே இரண்டு பிழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அழுக்கின் உறிஞ்சல் விளிம்புகள் கார்பனுக்கு 0.284, ஆக்சிஜனுக்கு 0.543, ஃபுளோரினுக்கு 0.69 கேஇவி-யில். ஆக்சிஜன் கோடுகள் இந்த விளிம்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கின்றன. கெயின் சில எலக்ட்ரான் வோல்ட் நகர்ந்திருந்தால், விளிம்பு தவறான இடத்தில் விழுந்து, அழுக்கின் தடிமன் தவறு போலத் தெரியும். தடிமன் தவறாக இருந்தால் கோட்டின் ஒரு தோள் தாழ்ந்து, கெயின் நகர்ந்தது போலத் தெரியும். பிரிக்க ஒரே வழி: முதலில் கோடுகளின் அளவைத் தாராளமாகத் தளரவிட்டு இடங்களை மட்டும் பாருங்கள். நான்கு கோடுகளும் ஒரே திசையில் சீராக நகர்ந்திருந்தால் அது கெயின். இடங்கள் சரியாக இருந்து, ஆக்சிஜனின் அளவு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு நியானைவிடக் குறைந்துகொண்டு வந்தால் அது அழுக்கு. அதற்கு ஏஆர்எஃப்-இல்தான் (எந்த ஆற்றலில் எவ்வளவு ஃபோட்டான் பிடிபடும் என்று சொல்லும் கோப்பு) மருந்து. அழுக்கு வடிகட்டியின் நடுவில் மெல்லிதாகவும் ஓரத்தில் தடிமனாகவும் இருப்பதால், சில்லின் எந்த இடத்தில் இ0102 விழுந்தது என்பதையும் சேர்த்துக் குறியுங்கள்.

படி 6: பின்னணியில் இலவசமாகக் கிடைக்கும் கோடுகள்

காஸ்மிக் கதிர்கள் கேமராவின் உடலில் மோதும்போது நிக்கல் 7.47 கேஇவி-யிலும், தங்கம் 9.7-ஐ ஒட்டியும் ஒளிர்கின்றன. இவை மங்குவதில்லை, டாப்ளர் நகர்வும் கிடையாது. ஐரோப்பாவின் எக்ஸ்எம்எம்-நியூட்டன் விண்தொலைநோக்கியின் பிஎன் கேமராவில் இதேபோல் 8.04 கேஇவி தாமிரக் கோட்டை வைத்து ஆற்றல் அளவை மறுபடி கட்டி, பெர்சியஸ், கோமா கேலக்ஸிக் கொத்துகளில் வாயுவின் ஓட்டத்தை அளந்த வேலை 2020-ல் வெளிவந்தது. எனக்கு மிகவும் பிடித்த அளவுத்திருத்த வேலைகளில் அது ஒன்று.

ஏசிஸில் ஒரு சூட்சுமம் உண்டு. சில்லில் படம் எடுக்கும் பகுதியைத் தவிர, எடுத்த சட்டகத்தை வாசிக்கும்வரை வைத்திருக்கும் சேமிப்புப் பகுதியும் இருக்கிறது. ஒளிரும் ஃபோட்டான்களில் சில நேராக அங்கே விழுகின்றன. அவை படப்பகுதியின் வரிசைகளைக் கடக்கவே இல்லை, எலக்ட்ரான்களை இழக்கவும் இல்லை. ஆனால் மென்பொருள் அவற்றுக்கும் வரிசை எண்ணுக்கு ஏற்றபடி சிடிஐ திருத்தம் போட்டு, ஆற்றலை உயர்த்திவிடுகிறது. விளைவு, உண்மைக் கோட்டுக்கு மேலே ஒரு போலிக் கோடு. வரிசை எண் கூடக் கூட அது மேலே போகும். இரண்டையும் ஒரே கோடாகப் பொருத்தினால் கெயின் தவறாக வரும். பட்டை பட்டையாகப் பிரித்து, இரண்டு கோடுகளாகப் பொருத்துங்கள்.

படி 7: கெயின் ஃபிட் என்ற கடைசித் திருகு

நிறமாலை பொருத்தும் மென்பொருளான எக்ஸ்ஸ்பெக்கில் கெயின் ஃபிட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஆற்றல் அளவை ஒரு சாய்வு, ஒரு நகர்வு என்ற இரண்டு எண்களால் மாற்றிப் பொருத்தத்தைச் சீராக்கும். இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் விண்கலத்தில் உள்ள எஸ்எக்ஸ்டி என்ற எக்ஸ் கதிர் தொலைநோக்கியின் தரவோடு வேலை செய்தவர்களுக்கு இது பழக்கமானது: 1.84-இல் சிலிக்கான் விளிம்பும் 2.2-ஐ ஒட்டித் தங்க விளிம்பும் நெளிந்து நிற்கும்போது, சாய்வை 1-ல் கட்டிப்போட்டு நகர்வை மட்டும் சில பத்து எலக்ட்ரான் வோல்ட் தளரவிடுவார்கள். கருவியின் விளிம்பு ஒன்று தெளிவாகத் தெரியும்போது அது நியாயமானது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பிரகாசம் குறைந்த இலக்கில் இரண்டையும் தளரவிடும்போது. கேலக்ஸிக் கொத்தின் சிவப்புப் பெயர்ச்சியும் கெயினின் சாய்வும் நிறமாலையில் கிட்டத்தட்ட ஒரே வேலையைச் செய்கின்றன. இரண்டையும் சேர்த்துத் தளரவிட்டு வந்த விடைக்கு எந்த மதிப்பும் இல்லை. படி 3 முதல் 6 வரை அளந்த எண் கையில் இருந்தால் அதையே போட்டுக் கட்டிவிடுங்கள். அதன் பிழையளவுக்குள் மேலும் கீழும் நகர்த்தி, உங்கள் அறிவியல் விடை எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். அந்த ஆட்டம்தான் உங்கள் அமைப்புப் பிழை.

சரிபார்க்க, இதுவரை தொடாத ஒரு பொருளை ஒதுக்கி வைத்திருங்கள். பெர்சியஸ் கொத்து நல்ல தேர்வு: சிவப்புப் பெயர்ச்சி நன்றாகத் தெரிந்தது, இரும்புக் கோடு வலுவானது. அளவுத்திருத்தத்தில் பயன்படுத்திய தரவிலேயே அது சரியாக இருக்கிறது என்று காட்டுவது சரிபார்ப்பு ஆகாது.

படி 8: என்னென்ன எழுதிவைக்க வேண்டும்

கால்டிபி (சந்திராவின் அளவுத்திருத்தத் தரவுத்தளம்) பதிப்பு எண், சில்லு, முனை, வரிசைப் பட்டை, கவனித்த தேதி, கெல்வினில் வெப்பநிலை, கோடு வாரியாக மிச்ச நகர்வும் அதன் பிழையும். நகர்வை எலக்ட்ரான் வோல்ட்டில் எழுதுங்கள், சதவீதத்தில் மட்டும் எழுதினால் நிலையான நகர்வா, சாய்வு மாற்றமா என்று பிறகு பிரிக்க முடியாது. கால்டிபி-யில் புதிய டிகெயின் அல்லது அழுக்கு மாடல் வந்தால் பழைய திருத்த எண்ணை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். நீங்கள் கையால் போட்ட நகர்வை அவர்கள் அட்டவணையில் ஏற்கெனவே சேர்த்திருக்கலாம், அப்போது இருமுறை திருத்தியதாகிவிடும். முதல் நிலைக் கோப்பிலிருந்து மறுபடி ஓட்டி, படி 2-லிருந்து அளக்கத் தொடங்குங்கள்.